உருளைக்கிழங்கில் வளர்ந்த குளவி

2009ல நான் ஸ்கூல் பையன். பெருமாநல்லூர்ல அப்புச்சி தோட்டத்துப் பப்பாளி முழுக்க வெள்ளை வெள்ளையா மாவுப்பூச்சி. மூணு தடவை மருந்தடிச்சும் போகலை. மேல மெழுகு மாதிரி பூசியிருந்தா மருந்து எப்படி ஏறும்? கடைசியில அவரே மரத்தையெல்லாம் வெட்டிப் போட்டுட்டார்.

அது மெக்சிகோ பக்கத்துப் பூச்சிங்க. 2008ல கோயம்புத்தூர்ல தென்பட்டுச்சு. இங்க அதுக்கு எதிரி இல்லை. 2010ல பெங்களூருல இருக்கற மத்திய அரசு பூச்சி ஆராய்ச்சி நிறுவனம் பியூர்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயேன்னு ஒரு குளவியை வரவழைச்சுது. ஒரு மில்லிமீட்டர் கூட இருக்காது. மாவுப்பூச்சிக்குள்ளயே முட்டை போடும், புழு உள்ளிருந்தே தின்னு தீர்த்துடும். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அதைப் பெருக்கித் தோட்டங்கள்ல விட்டுச்சு. எதுல பெருக்கினாங்க தெரியுமா? முளைவிட்ட உருளைக்கிழங்குல! முளையில மாவுப்பூச்சியை ஏத்தி, அதுமேல குளவியை விட்டாங்க. அவ்வளவுதான் ஃபேக்டரி :-)

இந்த மாதிரி மலிவான சாமான்னா காசில்லாதவங்க சமாச்சாரம்னு ஒரு நினைப்பு இருக்கு. எனக்கு அது சரியாப் படலை. காய்ப்புழு முட்டையை அழிக்கற டிரைக்கோகிரம்மா அட்டையை எடுத்துக்குங்க. ஏழெட்டு நாள்ல குளவி பொரிச்சு வெளிய வந்துடும். சாப்ட்வேர் மாதிரி ஒரு இடத்துல செஞ்சு ஊருக்கெல்லாம் அனுப்ப முடியாது. வெயில்ல பஸ் ஏறி வந்தா பாதி வழியிலேயே கதை முடிஞ்சிடும். பக்கத்துலயே வளர்த்தாகணும், அதனால பக்கத்துல கிடைக்கற சாமான்லதான் வளர்க்கணும்.

இதுக்கு என்ன வேணும்? பிளாஸ்டிக் பேசின், உடைச்ச கம்பு, நிலக்கடலைத் தூள், மேல மூடிக் கட்ட காடா துணி. அதுல கார்சைரா அந்துப்பூச்சியை வளர்த்தா சுமார் 40 நாள்ல முட்டை எடுக்க ஆரம்பிக்கலாம். அந்த முட்டையிலதான் டிரைக்கோகிரம்மா வளரும். காடா துணிக்கு நம்ம பக்கத்துல பஞ்சமா? (பனியன் வேஸ்ட் வேண்டாம், இழுத்தா கண்ணு விரியும், வேண்டாத பூச்சி உள்ள போயிடும்.)

எல்லாமே சும்மா வராதுங்க. அந்துப்பூச்சி முட்டை புழுவாகாம இருக்கப் புற ஊதா விளக்கு வேணும். தினமும் பார்த்துக்க ஆள் வேணும். பக்கத்துத் தோட்டத்துக்காரர் மருந்தடிச்சா குளவியும் போயிடும். அதனால பால் சொசைட்டி மாதிரி ஊரே சேர்ந்து ஒரு கொட்டகை போட்டாத்தான் நடக்கும்னு நினைக்கிறேன்.

அப்புச்சிகிட்டச் சொன்னேன். "கம்பைப் போட்டுப் பூச்சி வளர்க்கறதா? கோழிக்குப் போடலாமே கண்ணு"ன்னார். அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஒரு அட்டை வாங்கிட்டுப் போய் அவர் தக்காளிச் செடியில கட்டப் போறேன். கட்டிப் பார்த்தவங்க யாராச்சும் இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே.