யானை பார்க்கப் போறவங்க குளத்தையும் பாருங்க

காலாண்டு லீவு வந்தா முன்னாடி ஊட்டி, கொடைக்கானல்னு பேசுவாங்க. இப்ப இலங்கைப் பேச்சு அதிகமா காதுல விழுது. சென்னையில விமானம் ஏறினா ஒன்றரை மணி நேரத்துல கொழும்பு. 2023 அக்டோபர்ல நாகப்பட்டினத்துல இருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விட்டாங்க. தமிழ்நாட்டுல பாதி அளவுதான் அந்த நாடு. ஒரு வாரம் இருந்தா கடல், மலை, காடு மூணையும் பார்த்துடலாம். தாராளமா போங்க. ஆனா ஒரு விவசாயியா எனக்கு ஒண்ணு சொல்லணும். அங்க சுற்றுலாப் பட்டியல்ல இருக்கிற இடங்கள் பலவும் யாரோ உழைக்கிற இடம். அந்த உழைப்பாளிக்கு நம்ம காசு போய்ச் சேரலைன்னா, நாம பார்க்கிற அழகும் ரொம்ப நாள் நிக்காது.

மின்னேரியாவையே எடுத்துக்குங்க. ஆகஸ்ட், செப்டம்பர்ல அங்க 200, 300 யானைகள் வரைக்கும் கூடும். ஆசிய யானைகள் இவ்வளவு பெரிய கூட்டமா சேர்றது வேற எங்கயும் இல்லைங்கிறாங்க. பார்க்கிறவங்க அதைக் காட்டோட அதிசயம்னு நினைக்கிறாங்க. உண்மையில அதுல பாதி, குளம் செய்யற வேலை. நாம ஏரி, கண்மாய்னு சொல்றதை அங்க குளம்பாங்க. மின்னேரியாக் குளம் மூன்றாம் நூற்றாண்டுல மகாசேன மன்னன் பாசனத்துக்காகக் கட்டினது. சிறுபோக நெல்லுக்கு மதகைத் திறந்து விடுவாங்க. தண்ணி இறங்க இறங்க, குளத்து வண்டல்ல இளம்புல் முளைக்கும். சுத்திலும் காடு காய்ஞ்சு கிடக்கிற மாசங்கள்ல அந்தப் புல்லைத் தேடித்தான் யானை வருது. மதகு திறக்கலைன்னா புல்லும் இல்லை, கூட்டமும் இல்லை.

நான் போனபோது ஜீப் ஓட்டின தம்பிக்குக் கொஞ்சம் தமிழ் வரும். வழியில வயக்காட்டு ஓரம் மரத்து மேல பரண் கட்டியிருந்தது. நம்ம ஊர்ல காட்டுப்பன்னிக்குக் கட்டுற மாதிரியே இருக்கேன்னு கேட்டேன். "அப்பா ராத்திரி அதுல இருப்பார் ஐயா, யானை வரும்"னான். சாயங்காலம் மகன் காசு வாங்கிக்கிட்டு யானையைக் காட்டுறான். ராத்திரி அப்பா அதே யானையை விரட்டுறார். சிறுபோகக் கதிர் முத்துற நேரமும் யானை கூடுற நேரமும் ஒண்ணுதான்.

இது சின்ன விஷயம் இல்லை. சமீப வருஷங்கள்ல அந்த நாட்டுல வருஷத்துக்கு ஏறக்குறைய 400 யானைகளும் 100-க்கு மேல மனுஷங்களும் சாகிறாங்க. பன்னிக்குன்னு காயில பழத்துல வெடி வைக்கிறது, துப்பாக்கி, திருட்டு மின்கம்பி எல்லாம் இதுல உண்டு. "யானை இருக்கிற இடத்துல ஏன் விவசாயம் பண்றாங்க?"ன்னு பட்டணத்துல சுலபமா கேட்டுடுவாங்க. அந்தக் குளம் பல நூறு வருஷம் பாழாக் கிடந்து, வெள்ளைக்காரன் காலத்துல சீர் செஞ்சது. அங்க விவசாயிகளைக் கொண்டுவந்து குடியேத்தினதும் அரசாங்கம்தான். தீவுல ஏறக்குறைய 60 சதவீத நிலத்துல யானை நடமாடுது, அதுல பெரும்பகுதியில மனுஷனும் குடியிருக்கான். இதுல யாரை எங்க அனுப்புறது?

வழி இருக்கு. காட்டு எல்லையில மின்வேலி போட்டா, ரெண்டு பக்கமும் யானை நிக்குது. அதுக்குப் பதிலா ஊரைச் சுத்தி நிரந்தரமா ஒரு வேலி, வயலைச் சுத்தி நடவு சமயத்துல இன்னொரு வேலி. அறுப்பு முடிஞ்சதும் வயல் வேலியைக் கழட்டிடுறாங்க, யானை வந்து தாளை மேய்ஞ்சுட்டுப் போகுது. ஊர்க்காரங்களே பராமரிக்கிற இந்த முறை அங்க பல ஊர்கள்ல நடந்துக்கிட்டிருக்கு. ஆனா கம்பி, பேட்டரிக்குக் காசு வேணுமே. கென்யாவுல மசாய் மாராவை ஒட்டின இடங்கள்ல, மசாய் மக்களோட நிலத்துக்குச் சுற்றுலா நிறுவனங்கள் குத்தகைப் பணம் கொடுக்குது. அந்த மாதிரி, யானை பார்க்கிற டிக்கெட்டுல ஒரு பங்கு சுத்துவட்டார ஊர்களோட வேலிக்குப் போகணும்ங்கிறது என் கருத்து. நெல்லைப் பறிகொடுக்கிறவன் யானையைக் காப்பாத்தணும்னா, யானையால அவனுக்கும் ஏதாவது கிடைக்கணும்.

மலையிலயும் கடற்கரையிலயும் இதே கதைதான். நுவரெலியா, எல்ல பக்கம் ரயில்ல போறவங்க பச்சைப் போர்வைன்னு போட்டோ எடுக்கிற சரிவு எல்லாம், நம்ம ஊர்கள்ல இருந்து போனவங்களோட பேரப்பிள்ளைகள் கொழுந்து பறிக்கிற இடம். அவங்கள்ல நிறைய பேர் இன்னும் லயத்துலதான் இருக்காங்க. தெற்கே கொக்கல பக்கம் கடல்ல கம்பு நட்டு, அது மேல உட்கார்ந்து மீன் பிடிக்கிறதைப் படத்துல பார்த்திருப்பீங்க. இப்ப அங்க பலரும் உட்கார்றது மீனுக்காக இல்லை, போட்டோ காசுக்காக. தொழில் வேஷமா மாறிடுச்சு. அவங்களை நான் குறை சொல்ல மாட்டேன். கடல்ல கிடைக்காதது கேமரால கிடைக்குது. நாளைக்கு வயலும் அப்படி ஆயிடக்கூடாதுன்னுதான் பயப்படுறேன்.

போறவங்ககிட்ட நாலு வேண்டுகோள். ஒரு ராத்திரியாவது ஊருக்குள்ள, ஒரு குடும்பம் நடத்துற வீட்டுல தங்குங்க, அவங்க அரிசிச் சோறு சாப்பிடுங்க. ஜீப்பை யானைக்குக் கிட்ட விடச் சொல்லி ஓட்டுறவரை நெருக்காதீங்க. கதிர்காமம் போற வழியில, புத்தல ரோட்டுல வண்டியை மறிக்கிற யானைக்குப் பழம் கொடுக்காதீங்க. கொடுத்துக் கொடுத்துத்தான் அது மறிக்கவே பழகியிருக்கு. கடைசியா, தேயிலைத் தோட்டத்துல அக்காமாரைப் படம் எடுக்கிறதுக்கு முன்னாடி வணக்கம் சொல்லி ரெண்டு வார்த்தை பேசுங்க. நம்ம தமிழ்லயே பதில் சொல்வாங்க.