கிரீன்லாந்துக் குழந்தைகள் ஏன் காத்திருந்தார்கள்?

டென்மார்க்கில் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி கிருமியை நாள்பட்டுச் சுமப்பவர்கள் நூறில் ஒருவர்கூட இல்லை. அதே முடியரசைச் சேர்ந்த கிரீன்லாந்தின் இனுயிட் மக்களிடையே நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்; சில சிற்றூர்களில் இன்னும் அதிகம். இவ்வளவு வேறுபாடு இருந்தும், டென்மார்க்கின் வழக்கமே நெடுங்காலம் அங்கும் நடந்தது: தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தைக்கு மட்டும் தடுப்பூசி. நோய் அரிதான நாட்டுக்கு அது போதும். வீட்டுக்கு வீடு கிருமி இருக்கும் ஊரில் போதாது. சிதறிக் கிடக்கும் கடலோரக் குடியிருப்புகளில் அந்தச் சில குழந்தைகளுக்குக்கூட எல்லாத் தவணைகளும் ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை.

பிறந்த குழந்தையைத் தொற்றினால் பத்தில் ஒன்பது பேரிடம் இக்கிருமி நிலைத்துவிடும். அதனால்தான் எல்லாக் குழந்தைகளுக்கும் ஊசி போடும்படி உலக சுகாதார நிறுவனம் 1992இலேயே நாடுகளைக் கேட்டுக்கொண்டது. கிரீன்லாந்தில் அது நடந்தது 2010இல். சுகாதாரப் பொறுப்பு 1992 முதல் கிரீன்லாந்து அரசின் கையில் இருந்தது என்பதால், கோபன்ஹேகனில் உள்ள டென்மார்க் அரசை மட்டும் குறை கூறுவதும் நியாயமில்லை.

அலாஸ்கா வேறு வழியில் போனது. அங்கே பூர்வகுடிகளிடம், குறிப்பாகத் தென்மேற்கின் யூபிக் ஊர்களில், தொற்று மிகுதியாக இருந்தது. குழந்தைகளின் கீறல், புண் வழியாகவும் அது பரவியது. உலர்ந்த இரத்தத்திலும் இக்கிருமி ஒரு வாரம் உயிரோடிருக்கும். 1980களில் மருத்துவக் குழுக்கள் ஊர் ஊராகப் போய் இரத்தம் சோதித்தன. தொற்றாதவர்களுக்கும் பிறக்கும் குழந்தைகளுக்கும் ஊசி போட்டன. குழந்தைகளிடம் புதிய தொற்று அநேகமாக மறைந்தது. இருபது வயதுக்குள் வந்த கல்லீரல் புற்றுநோயும் இந்நூற்றாண்டில் இல்லாமல் போனது.

ஆர்க்டிக்கில் பரவலான கிருமி வகை சாதுவானது, கிரீன்லாந்தில் கல்லீரல் புற்றுநோய் எதிர்பார்த்த அளவு இல்லை என்பது அங்கே நிலவிய தயக்கத்துக்குச் சொல்லக்கூடிய காரணம். உண்மைதான், ஆனால் அது பாதுகாப்பு அல்ல. ஹெபடைட்டிஸ் பி உள்ளவரையே தொற்றும் ஹெபடைட்டிஸ் டி, கல்லீரலை வேகமாகச் சிதைக்கக்கூடியது. கிரீன்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள இட்டில்லெக் என்ற சிற்றூரின் பிள்ளைகளிடமே அது பரவியிருக்கிறது. சராசரியைப் பார்த்து நிம்மதி கொள்பவர்களுக்கு அந்த ஊர் கண்ணில் படாது.

2010க்கு முன் பிறந்து கிருமியைச் சுமப்பவர்கள் இன்று இளைஞர்கள், பெற்றோர்கள். ஊசி இனி அவர்களுக்கு உதவாது. அலாஸ்காவில் செய்வதுபோல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை கல்லீரல் பரிசோதனை கடைசிக் குடியிருப்பு வரை போக வேண்டும். அதற்கான செலவை நூக்கில் உள்ள கிரீன்லாந்து அரசும் கோபன்ஹேகனும் பகிர்ந்து ஏற்க வேண்டும்.