நாலு பேருக்கு ஒரு பேர்!

"நாலு பேர் என்ன சொல்வாங்க?" இந்த டயலாக்கைக் கேட்காம காலேஜ் வரைக்கும் வந்தவங்க யாராச்சும் இருக்கீங்களா? அந்த நாலு பேர் யாருன்னு இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது. அவங்களை விடுங்க. இந்த வாரம் நாம பார்க்கப் போறது வேற நாலு பேர்.

மார்க்கையன்கோட்டை வாய்க்கால் பாலமா இருந்தா என்ன, சின்னமனூர் பஸ் ஸ்டாண்டா இருந்தா என்ன... சாயங்காலம் ஆச்சுன்னா இந்த செட்டைப் பார்க்கலாம். ஆளுக்கு ஒரு போன், காதுல இயர்போன், "மாப்ள கவர் குடுறா... அங்கிட்டு ஒருத்தன் ஓடுறான் பாரு"ன்னு ஒரே கத்தல். வழியில போற பெரியவர் "யாருடா ஓடுறான்?"னு திரும்பிப் பார்த்துட்டுத் தலையில அடிச்சுக்கிட்டுப் போவாரு. இந்த நாலு பேர்ல ஒருத்தன் திடீர்னு சொல்வான்: "பேசாம நாம ஒரு க்ளான் ஆரம்பிச்சா என்னடா?"

ஆரம்பிக்கலாம் பாஸ். ஆனா செட்டு சேர்ந்து விளையாடுறது வேற, க்ளான் நடத்துறது வேற. நம்ம பக்கத்து கபடி டீமை நினைச்சுப் பாருங்க. பசங்க சும்மா பொட்டல்ல விளையாடுறப்ப அது விளையாட்டு. அதுவே ஒரு பேர் வெச்சு, அந்தப் பேரை ஜெர்சி முதுகுல போட்டு, யார் ரைடர், யார் கார்னர், பரிசுப் பணம் வந்தா யாருக்கு எவ்வளவுன்னு பேசி, பக்கத்து ஊர் டோர்னமென்ட்டுக்கு வேன் பிடிச்சுப் போனா அது டீம். க்ளானும் அதேதான். வேனுக்குப் பதிலா டேட்டா பேக்!

இந்தக் கூத்து எங்கே ஆரம்பிச்சதுன்னு ஒரு ரிவைண்ட் போவோம். 1996 ஜூன்ல 'குவேக்'னு ஒரு கம்ப்யூட்டர் கேம் வந்துச்சு. இன்டர்நெட் வழியா முகம் தெரியாத ஆளோட மோதலாம்ங்கிற கிக்கை உலகத்துக்குப் பெரிய அளவுல காட்டின கேம் அது. விளையாடினவங்க குரூப் குரூப்பா சேர்ந்து 'க்ளான்'னு பேர் வெச்சுக்கிட்டாங்க. அதுல 'ரேஞ்சர்ஸ்'ங்கிற க்ளான், அதே வருஷம் அக்டோபர்ல கேமுக்குள்ளயே ஒரு குட்டிப் படம் எடுத்து வெளியிட்டது. ரெண்டு நிமிஷம்கூட ஓடாது. நீங்க இன்னிக்கு எடிட் பண்ணி ஸ்டேட்டஸ்ல போடுறீங்களே மான்டேஜ்... அதுக்கெல்லாம் கொள்ளுத்தாத்தா அதுதான்.

அடுத்த வருஷம், 1997. ஜெர்மனியில ஓபர்ஹவுசன்னு ஒரு ஊர். நிலக்கரி, இரும்பு ஆலைன்னு உழைப்பாளிங்க வாழ்ந்த ஊர். அங்க ரால்ஃப், டிம், பெஞ்சமின்னு அண்ணன் தம்பி மூணு பேர், ரைக்கர்ட் வீட்டுப் பசங்க. கூட சில நண்பர்களைச் சேர்த்துக்கிட்டு குவேக் விளையாட ஒரு க்ளான் ஆரம்பிச்சாங்க. வெச்ச பேர் 'ஷ்ரோட் கமாண்டோ'. 'ஷ்ரோட்'னா ஜெர்மன்ல துப்பாக்கி ரவை. நம்மாளுங்க 'கில்லர் பாய்ஸ்'னு வைக்கிற மாதிரி அந்த வயசுக்கு வர்ற பேர்தான், வேறென்ன! பின்னாடி அதையே சுருக்கி 'எஸ்.கே. கேமிங்'னு ஆக்கிட்டாங்க. உலகத்துல ரொம்ப நாளா நிலைச்சு நிக்கிற க்ளான்கள்ல அதுவும் ஒண்ணு. குவேக் மவுசு குறைஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. எஸ்.கே. இன்னும் இருக்கு.

எப்படி? குவேக் போனப்ப கவுன்ட்டர் ஸ்ட்ரைக்குக்கு மாறினாங்க. ஸ்வீடன் பசங்களை எடுத்தாங்க. 2003ல ஆட்டக்காரங்களோட முறையா ஒப்பந்தம் போட்டு, கவுன்ட்டர் ஸ்ட்ரைக் உலகத்துல அதைச் செஞ்ச முதல் க்ளான்னு பேர் வாங்கினாங்க. 2004ல ஓலா மூம்ங்கிற ஆட்டக்காரரை இன்னொரு டீமுக்குக் காசு வாங்கிட்டு மாத்திவிட்டாங்க, புட்பால்ல நடக்குமே டிரான்ஸ்பர், அதேபோல. மூத்தவர் ரால்ஃப் பின்னாடி இ.எஸ்.எல்.ங்கிற மாபெரும் போட்டி கம்பெனியைத் தொடங்கின ஆட்கள்ல ஒருத்தர். டிம் புரொபஷனல் புட்பாலே ஆடினவர். ஒரு கணக்கு மட்டும் போட்டு வெச்சுக்குங்க: 1997ல ஆரம்பம், 2003ல ஒப்பந்தம். நடுவுல 6 வருஷம்!

"அவனுங்களுக்கென்ன, ஜெர்மன்காரன், நெட் ஸ்பீடு பறக்கும்"னு சொல்றீங்களா? அந்தக் காலத்துல அங்கயும் டெலிபோன் லைன்ல கீய்ய்ங்னு கத்துற மோடம்தான் நிறைய வீட்ல. சுட்டா அரை செகண்ட் கழிச்சுத்தான் குண்டு கிளம்பும். இவங்க புலம்பலைப் பார்த்துத்தான் குவேக்கை எழுதின ஜான் கார்மாக் 1996 டிசம்பர்ல 'குவேக் வேர்ல்டு'ன்னு தனி வெர்ஷனே விட்டார். சர்வர் பதில் சொல்ற வரைக்கும் காத்திருக்காம, உங்க நடையை உங்க கம்ப்யூட்டரே முன்கூட்டிக் கணிச்சுக் காட்டிடும். இன்னிக்கு உங்க போன்ல ஓடுற ஷூட்டிங் கேம்கள்லயும் இதே ஐடியாதான் வேலை செய்யுது.

நம்ம ஊர் கதைக்கு வருவோம். கம்பம் பள்ளத்தாக்குல மேக்கால ஒரு மலை, கிழக்கால மேகமலை, நடுவுல நாம. டவர் சிக்னல் எப்படி இருக்கும்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனா பிங் எகிறுனா மலையை மட்டும் திட்டாதீங்க. மும்பையில ஒரு சர்வர் இருக்குன்னு வெச்சுக்குவோம். தேனியில இருந்து நேர்கோட்டுல சுமார் 1,100 கிலோமீட்டர். கண்ணாடி இழையில வெளிச்சம் செகண்டுக்கு ஏறக்குறைய 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். போய்த் திரும்ப 11 மில்லிசெகண்ட்! அப்புறம் ஏன் 90, 120னு காட்டுது? கேபிள் நேர்கோட்டுல போகாம ஊர் சுத்திப் போகுது, அது கொஞ்சம். உங்க போனுக்கும் டவருக்கும் நடுவுல நடக்கிற தள்ளுமுள்ளு, அது நிறைய. சாயங்காலம் 7 மணிக்கு ஊரே ரீல்ஸ் பார்க்குறப்ப நீங்க சண்டைக்குப் போனா இதுதான் கதி. வீட்டுக்கு பைபர் லைன் வந்திருக்குற ஒரு பையன் செட்ல இருந்தா அவனைக் கையில வெச்சுக்குங்க. அவன் சுமாரா சுட்டாலும் பரவாயில்லை!

2016 செப்டம்பர்ல ஜியோ வந்து டேட்டாவைத் தண்ணி மாதிரி ஊத்துறதுக்கு முன்னாடி, ஹாஸ்டல்களை ஆண்டது 'மினி மிலிஷியா'. நெட்டே வேணாம், ஒருத்தன் ஹாட்ஸ்பாட் போட்டா ரூமே சேர்ந்து அடிச்சுக்கலாம். கடைசி பெஞ்ச்ல உக்காந்து ஆடினவங்க எல்லாம் கை தூக்குங்க! அந்த கேம் வீடியோவை யூடியூப்ல போட்டுக்கிட்டு இருந்த மும்பைப் பையன் ஒருத்தர், நமன் மாத்தூர். கேம்ல பேரு 'மார்ட்டல்'. 2018 மார்ச்சுல பப்ஜி மொபைல் வந்ததும் அதுக்குத் தாவினார். அந்த சமயத்துல உருவானதுதான் 'சோல்' க்ளான். மார்ட்டல், வைப்பர், ரோனக், ஒவைஸ் - நாலு பேர்.

2019 மார்ச் 10. ஹைதராபாத்ல இந்திய அளவிலான பப்ஜி மொபைல் பைனல். சோல் ஜெயிச்சது. பரிசு 30 லட்சம் ரூபாய்! அதே மார்ச் மாசம், குஜராத் ராஜ்கோட்ல என்ன நடந்துச்சு தெரியுமா? பப்ஜி விளையாடக் கூடாதுன்னு போலீஸ் தடை போட்டு, விளையாடின காலேஜ் பசங்களைக் கைது பண்ணினாங்க. ஒரே கேம், ஒரே மாசம். ஒரு ஊர்ல செக், இன்னொரு ஊர்ல ஸ்டேஷன்! அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி, ஜனவரி 29ல, 'பையன் எப்பவும் கேம்லயே இருக்கான்'னு ஒரு அம்மா டெல்லி நிகழ்ச்சியில புலம்ப, பிரதமர் மோடி "பப்ஜிக்காரரா?"ங்கிற மாதிரி கேட்டு ஹாலையே சிரிக்க வெச்சார். அதே பிரதமர் 2024 ஏப்ரல்ல கேமர்களைக் கூப்பிட்டு உக்கார வெச்சுப் பேசினார். அங்க மார்ட்டல் இருந்தார். பாயல் தாரேவும் இருந்தார். மத்தியப் பிரதேசத்துல சிந்த்வாரா மாவட்டத்துக் கிராமத்துப் பொண்ணு அவங்க. ஆகவே, மார்க்கையன்கோட்டை மங்கையர்களே, இந்தக் கட்டுரை உங்களுக்கும்தான். செட்டுல நாலாவது ஆள் கிடைக்கலைன்னு பசங்க அலையுறப்ப வீட்ல தங்கச்சி ஆடுற ஆட்டத்தைக் கொஞ்சம் பாருங்கப்பா.

சோல் கதையில எனக்குப் பிடிச்சது 30 லட்சம் இல்லை. அதுக்கப்புறம் நடந்தது. 2019 ஜூலையில பெர்லின் வரைக்கும் போனாங்க. கோப்பை சீன டீமுக்குப் போச்சு. 2020 செப்டம்பர் 2ம் தேதி மத்திய அரசு 118 ஆப்களைத் தடை பண்ணினப்ப பப்ஜியும் போச்சு. யோசிச்சுப் பாருங்க... கிரவுண்டையே ஒரே நாள்ல சுருட்டிட்டாங்க! நாடு முழுக்க எத்தனை க்ளான் அன்னிக்கு வாட்ஸ்அப் குரூப்போட முடிஞ்சிருக்கும்? சோல் முடியலை. அந்த 2020லயே '8பிட்'டுங்கிற இன்னொரு கோஷ்டியோட கைகோத்து 'எஸ்8யுஎல்' ஆனாங்க. கேம் இல்லாட்டியும் பார்க்கிறதுக்கு ஆள் இருந்துச்சு, பேர் இருந்துச்சு.

2021 ஜூலையில பி.ஜி.எம்.ஐ.னு புதுப் பேர்ல கேம் திரும்பி வந்துச்சு. 2022ல சோல் ஒரு பெரிய கோப்பையைத் தூக்கினப்ப ஆடினது ஒமேகா, கோப்ளின், ஹெக்டர், அக்ஷத். கவனிச்சீங்களா? பழைய நாலு பேர்ல ஒருத்தர்கூட அந்த வரிசையில இல்லை. ஜெர்சியில பேர் மட்டும் அதேதான். அந்த டீம் சவுதி ரியாத்துக்கு உலகப் போட்டிக்குக் கிளம்புற நேரம் பார்த்து, ஜூலை 28ம் தேதி, பி.ஜி.எம்.ஐ.யும் ஆப் ஸ்டோர்ல இருந்து காணாமப் போச்சு. சொந்த நாட்டுல டவுன்லோடு பண்ண முடியாத கேமுக்கு வெளிநாட்டுல ஆகஸ்ட் மாசம் இந்தியா சார்பா ஆடினாங்க! 2023 மே மாசம் மறுபடி திறந்தாங்க, சோதனை முறையில. 18 வயசுக்குக் கீழே ஒரு நாளைக்கு 3 மணி நேரம், மத்தவங்களுக்கு 6 மணி நேரம்னு கட்டுப்பாட்டோட. ஃப்ரீ ஃபயர் பார்ட்டிகளுக்கும் இதே சோகம், 2022 பிப்ரவரியில. அவங்க பாவம், 'மேக்ஸ்'ல தஞ்சம் புகுந்தாங்க.

அதனால ப்ரெண்ட்ஸ், கேம் நம்ம சொத்து கிடையாது. கம்பெனிக்காரன் இழுத்து மூடலாம், கவர்மென்ட் நிறுத்தலாம், இல்லை உங்களுக்கே போரடிக்கலாம். கையில நிக்கிறது பேரும் பழக்கமும்தான். ஆனா நம்ம பசங்க சண்டை போடுறது எங்கே? துப்பாக்கி ஸ்கின்ல! பேர் யாருக்குச் சொந்தம்ங்கிறதை யாருமே பேசுறதில்லை.

காலேஜை விட்டுட்டு முழு நேரமா இறங்கலாமான்னு கேக்குறவங்களுக்கு என் பதில்: ம்ஹூம். எஸ்.கே.வோட அந்த 6 வருஷத்தை மறுபடி பாருங்க. சோல் மாதிரி ஒரே வருஷத்துல 30 லட்சம் பார்த்த க்ளானுக்கே ரெண்டு தடவை கேம் கையை விட்டுப் போச்சு. அரியர் வெச்சுக்கிட்டு அந்த ஷாக்கைத் தாங்குறது கஷ்டம் தலைவா. ராத்திரி 9 டு 11 பிராக்டீஸ், செமஸ்டர் நேரத்துல லீவுன்னு எழுதி வெச்சுக்கிட்டு ஆரம்பிக்கிற க்ளான்தான் ரெண்டாவது செமஸ்டரைப் பார்க்கும்.

இன்னொரு மேட்டர். 2025 ஆகஸ்ட்ல ஆன்லைன் கேமிங்குக்குன்னு மத்திய அரசு தனிச் சட்டம் கொண்டுவந்துச்சு. இ-ஸ்போர்ட்ஸை ஒரு பக்கம் அங்கீகரிச்சு, பணம் கட்டிப் பணம் எடுக்கிற ஆட்டங்களை இன்னொரு பக்கம் தடை பண்ணின சட்டம். போட்டி நடத்துற செலவுக்கு நுழைவுக் கட்டணம் வாங்கிப் பரிசு தர்றது வேற. "தலைக்கு நூறு போடு, ஜெயிச்சவன் அள்ளிக்கோ"ன்னு ரூம் போடுறது வேற. ரெண்டாவது ரகத்து 'அண்ணே' யாராச்சும் இன்பாக்ஸுக்கு வந்தா அப்படியே எஸ்கேப்!

சரி, டீமுக்குள்ள யார் என்ன? சத்தமா பேசுறவன் தலைவன் இல்லை. வட்டம் எங்கே சுருங்குது, எந்த வீட்டைப் பிடிக்கணும்னு பதறாம சொல்றவன்தான் லீடர். அவன் குறைவா சுட்டாலும் கொறை சொல்லக் கூடாது. முன்னாடி பாயுறவன், பின்னாடி நின்னு காப்பாத்துறவன், தூரத்துல இருந்து குறி பார்க்கிறவன்... கபடி மாதிரியே இடம் பிரிச்சுட்டா, கில் கணக்கை வெச்சு "நான்தான் பெரியவன்"னு வர்ற பஞ்சாயத்து பாதி குறையும்.

அப்புறம் பேர். 'மார்க்கையன்கோட்டை மரண மாஸ் வாரியர்ஸ்'னு வெச்சா ஐ.டி.யில இடம் பத்தாது. ஓபர்ஹவுசன்காரங்க சுருக்கின மாதிரி சுருக்குங்க. ரெண்டெழுத்து, மூணெழுத்து. ஊர் பேர்ல ஒரு எழுத்தாவது இருந்தா எனக்குத் தனிப்பட்ட முறையில சந்தோஷம்.

பேர் முடிவாகிட்டா, முதல் மேட்சுக்கு முன்னாடி ஒரு வேலை. ஒரு நோட்டுல பேப்பர் கிழிங்க. யூடியூப் சேனல் யார் மெயில்ல இருக்கு, பாஸ்வேர்டு எந்த ரெண்டு பேருக்குத் தெரியும், பரிசு வந்தா எத்தனை பங்கு, வெளியூர்ல வேலை கிடைச்சு ஒருத்தன் போயிட்டா பேர் யாருகிட்ட இருக்கும். நாலே வரி. முல்லைப் பெரியாத்துத் தண்ணியையே முறை வெச்சுப் பிரிச்சுக்கிற ஊர்க்காரங்களுக்கு இது பெரிய விஷயமா என்ன? தேதியைப் போட்டு நாலு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்துக்குங்க. சின்னமனூர் கடைசி பஸ்சுக்கு முன்னாடி முடிஞ்சிடும்!