ஆகாயத்தில் போட்டாலும் அளந்து போடு



சென்ற கூட்டம் முடிந்து காபி குடித்துக் கொண்டிருந்தபோது இளம் உறுப்பினர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, செயற்கை நுண்ணறிவு என்கிறார்களே, அது வந்தால் சரக்கு எடுப்பது, விலை வைப்பது, கடன் கொடுப்பது எல்லாம் எந்திரமே பார்த்துக் கொள்ளுமாம். அப்புறம் கல்லாவில் நமக்கு என்ன வேலை?" சட்டென்று எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததில், பதில் ஆகாயத்தில் கிடைத்தது.

2023 ஆகஸ்ட் 23 மாலை 6 மணி 4 நிமிடத்துக்குச் சந்திரயான்-3 நிலவில் இறங்கியதை நாடே பார்த்தது. கடைசிச் சில நிமிடங்களில் இங்கிருந்து யாரும் அதை ஓட்டவில்லை. வேகத்தைக் குறைப்பது, உயரத்தை அளப்பது, பள்ளமும் பாறையும் இல்லாத இடம் பார்ப்பது அனைத்தையும் கலத்தில் இருந்த கணிப்பொறியே முடிவு செய்தது. நிலவிலிருந்து செய்தி வந்து நாம் மறுமொழி அனுப்புவதற்குள் இரண்டரை விநாடி போய்விடும். செவ்வாய்க் கிரகம் என்றால் ஒரு வழிக்கே 3 முதல் 22 நிமிடம் ஆகும். 2021 பிப்ரவரியில் அங்கே இறங்கிய அமெரிக்காவின் பெர்சிவரன்ஸ் வண்டியும், தானே படம் எடுத்து, தன்னிடமிருந்த வரைபடத்தோடு ஒத்துப் பார்த்துத்தான் இடம் பிடித்தது. நாளை மனிதன் செவ்வாயில் குடியேறினாலும் இத்தகைய எந்திரங்களை நம்பித்தான் வாழ வேண்டும். ஆகவே எந்திர அறிவே வேண்டாம் என்று நாம் சொல்வதில் பொருளில்லை.

ஆனால் அந்த எந்திரத்தை நம்பத் தகுந்ததாக ஆக்கியது யார்? 2019 செப்டம்பர் 7 அன்று சந்திரயான்-2 இறங்கு கலம் வேகம் கட்டுப்படாமல் நிலவில் மோதியது. இஸ்ரோவினர் தோல்வியை மூடி மறைக்கவில்லை. இனி எதெது தவறலாம் என்று ஒவ்வொன்றாக யோசித்தார்கள். கால்களைப் பலப்படுத்தினார்கள். எரிபொருளைக் கூட்டினார்கள். அரை கிலோமீட்டர் சதுரமாக இருந்த இறங்குமிடத்தை 4 கிலோமீட்டர் நீளம், 2.4 கிலோமீட்டர் அகலம் என்று விரித்தார்கள். சந்திரயான் சோதனைகளுக்கு நிலவு மண்ணைப் போன்ற மண் வேண்டுமென்று, நம் நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையைப் பொடித்துப் பயன்படுத்தினார்கள். மாதிரி பார்க்காமல் மூட்டை எடுக்காத நமக்கு இது புரியாத வித்தை அல்ல.

இப்படிச் சரிபார்க்காமல் போனால் என்ன ஆகும் என்பதற்கும் ஆகாயத்திலேயே சாட்சி உண்டு. 1998 டிசம்பரில் அமெரிக்கா செவ்வாய்க்கு ஒரு கலம் அனுப்பியது. பெயர் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர். கலத்தின் மதிப்பு 12½ கோடி டாலர். 1999 செப்டம்பர் 23 அன்று அது செவ்வாய்க்கு மிக அருகில் போய் அழிந்தது. காரணத்தைக் கேட்டால் நம் கடைப் பையனே சிரிப்பான். உந்துவிசைக் கணக்கை ஒரு குழு பவுண்டு அளவில் கொடுத்தது. வாங்கிய குழு அதை மெட்ரிக் அளவு என்று எடுத்துக் கொண்டது. கணிப்பொறிகள் இரண்டும் கூட்டிக் கழித்ததில் பிழை இல்லை. அளவுதான் வேறு. கணக்கு உதைக்கிறது என்று வழியிலேயே சிலர் கவனித்தும், அது முறையாக விசாரிக்கப்படவில்லை.

சிரிக்க நமக்கும் தகுதி இல்லை. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையுள்ள பாக்கெட் அரிசிக்கு ஜி.எஸ்.டி. வந்ததும் 26 கிலோ சிப்பம் வந்ததே, நினைவிருக்கிறதா? என் கிடங்குக் கம்ப்யூட்டரில் சிப்பம் என்றால் 25 கிலோ என்றே பதிவாகியிருந்தது. யாரும் மாற்றவில்லை. பில் அழகாக வந்தது, கூட்டலும் சரியாக இருந்தது. நாற்பது சிப்பம் வெளியே போன பிறகு எங்கள் பழைய குமாஸ்தா, "முதலாளி, தராசு ஒன்று சொல்கிறது, பில் ஒன்று சொல்கிறதே" என்றார். நாற்பது கிலோ அரிசிக்குக் காசு வரவில்லை. அவர் கேட்டிராவிட்டால் நானூறு கிலோ ஆகியிருக்கும்.

எந்திரம் தவறு செய்யும் என்பது என் குறை அல்ல. மனிதனும் செய்கிறான். தவறு நடந்தால் பதில் சொல்ல ஆள் இல்லாமல் போவதே என் கவலை. முப்பது ஆண்டாக நாணயமாகக் கடை நடத்தும் நண்பர் ஒருவர் ஒரு நிறுவனத்தில் கடன் கேட்டார். கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. ஏன் என்று கேட்டதற்கு, "சிஸ்டத்தில் அப்படித்தான் வருகிறது சார்" என்றார்கள். யாருக்கும் காரணம் தெரியவில்லை. கடைக்காரனுக்கு இன்று நேர்வது நாளை மருத்துவத்திலும், நீதியிலும், போரிலும் நேர்ந்தால் மனித குலத்தின் கதி என்ன?

எனவே உறுப்பினர்களுக்குச் சில வார்த்தைகள். புதிய எந்திரங்களை வாங்குங்கள், பிள்ளைகளிடம் கேட்டாவது பழகிக் கொள்ளுங்கள். ஆனால் வாரம் ஒரு முறை சரக்கைக் கையால் எண்ணி இருப்போடு ஒத்துப் பாருங்கள். வாடிக்கையாளருக்குக் கடன் கொடுப்பதா, மறுப்பதா என்பதை அவர் முகம் தெரிந்த நீங்களே முடிவு செய்யுங்கள். எந்திரத்தின் முடிவால் வணிகர் பாதிக்கப்பட்டால், காரணத்தைச் சொல்லவும் தவறைத் திருத்தவும் பொறுப்பான ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்று அடுத்த பொதுக்குழுவில் நம் சங்கம் தீர்மானம் போட வேண்டும்.

கல்லாவில் நமக்கு என்ன வேலை என்று கேட்ட தம்பிக்கு என் பதில் இதுதான்: அளந்து பார்ப்பதும், தவறினால் பொறுப்பேற்பதும் நம் வேலை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள் பெரியவர்கள். ஆகாயத்தில் போட்டாலும் அதே விதிதான்.

வாழ்க வணிகம்! வளர்க ஒற்றுமை!