நாவல் பழம் விற்போம். நோய் தீர்ப்பதாக விற்க வேண்டாம்

ஆனி, ஆடி வந்தால் நம் கடைவாசல்களில் நாவல் பழக் கூடை வந்து அமர்ந்துவிடும். கூடவே ஓர் அட்டையும் தொங்கும்: 'சர்க்கரை நோய் அடியோடு தீரும்!' பழத்தில் குறையில்லை. அந்த அட்டையைப் பற்றித்தான் உறுப்பினர்களிடம் இரண்டு வார்த்தை சொல்ல விரும்புகிறோம்.

காட்டுக் கனிகளின் சத்து கட்டுக்கதை அல்ல. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டு அட்டவணைப்படி 100 கிராம் நெல்லிக்காயில் சுமார் 250 மில்லிகிராம் வைட்டமின் 'சி' இருக்கிறது. ஆரஞ்சைப்போல் ஏறக்குறைய ஐந்து மடங்கு! பழைய நூல்களில் உள்ள 600 என்ற கணக்கை இன்னும் பொட்டலங்களில் அச்சடிப்பது சரியல்ல. நாவலின் கருநீல நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின். துவர்ப்புக்குக் காரணம் டானின். இரண்டும் ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பொருள்கள். இலந்தையிலும் வைட்டமின் 'சி' கணிசமாக உண்டு.

ஆனால் சோதனைக்குழாயில் தெரியும் ஆற்றல் உடம்பிலும் அப்படியே வேலை செய்யும் என்று சொல்லிவிட முடியாது. உணவுப் பொருள்களின் ஆக்சிஜனேற்றத் தடுப்பு ஆற்றலை எண்களாக வரிசைப்படுத்திய 'ஓராக்' பட்டியலை அமெரிக்க வேளாண்மைத் துறையே 2012-இல் விலக்கிக்கொண்டது. வியாபார விளம்பரங்களுக்கு அது தவறாகப் பயன்பட்டதும் ஒரு காரணம்.

நம் அட்டையை நம்பி ஒரு வாடிக்கையாளர் மாத்திரையை நிறுத்திவிட்டு நாவல் கொட்டைப் பொடியை மட்டும் சாப்பிட்டால் என்ன ஆகும்? தலைமுறையாக நம் கடைக்கு வருபவர் அவர். ஐம்பது ரூபாய்ப் பொட்டலத்துக்காக அவர் உடம்போடு நாம் விளையாடலாமா?

சட்டமும் சும்மா இல்லை. 1954-ஆம் ஆண்டின் மருந்து, மந்திர சிகிச்சை விளம்பரச் சட்டம் நீரிழிவைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதைத் தடுக்கிறது. துண்டுப் பிரசுரம், லேபிள், உறை எல்லாமே அதில் விளம்பரம்தான். முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. 'பொட்டலம் போட்டவன் வேறு, நான் விற்றவன் மட்டுமே' என்று கைகழுவ முடியாது. அட்டையைத் தொங்கவிட்டது நாம்.

அப்படியானால் என்ன சொல்லி விற்பது? உள்ளதைச் சொல்லி விற்போம். நாவல் ஓரிரு நாளில் கசிந்துவிடும் பழம். காலையில் வந்ததை அன்றே தள்ளுவோம். நெல்லி வற்றலை வெயில் படாமல், ஈரம் படாமல் மூடிவைப்போம். தயாரித்தவர் பெயரும் தேதியும் இல்லாத பொடியை வாங்கவே வேண்டாம். மரமேறிப் பறித்து வருபவர்களுக்குக் கட்டுப்படியாகும் விலை கொடுப்போம்.

'இன்று வந்த புதுப்பழம்' என்ற அட்டை போதும். நல்ல சரக்குக்கு அதற்கு மேல் விளம்பரம் வேண்டியதில்லை என்பது நம் கருத்து.