சுகவீன லீவுக்கு விதியுண்டு. மீண்டு வருதற்கு விதி எங்கே?

கல்முனைக் கரையோரத்துக் கந்தோர் ஒன்றிலே பதினேழு ஆண்டுகள் எழுதுவினைஞராகக் கடமையாற்றிய அன்பர் ஒருவர் சென்ற ஆண்டு என்னை நாடி வந்தார். இரண்டு மாதகாலம் உறக்கமின்றி, நெஞ்சு படபடத்து, கோப்பின் முதற் பக்கத்தைத் தாண்ட மாட்டாது தவித்து, ஈற்றில் வைத்தியசாலை சென்று, மனச்சோர்வும் பதகளிப்பும் என நோய் அறியப்பெற்று, மருந்துண்டு தேறியவர் அவர். கடமைக்குத் திரும்பலாம் என வைத்தியர் எழுதிக் கையொப்பமிட்ட சான்றிதழை அவர் ஒப்படைத்த நாளில், அது நான்கு மேசைகளைக் கடந்தே தலைமை அதிகாரியிடம் சென்றது. நான்கு மேசைகளும் அதனை வாசித்தன. மறுநாட் காலை அவருடைய மேசை பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு மாறியிருந்தது. பணத்தோடு சம்பந்தப்பட்ட கடதாசி எதுவும் அவர் கைக்கு வரவில்லை. தேநீர் வேளையில் அவர் நுழைந்தால் பேச்சு நின்றது. "காக்கா, இன்னும் ரெண்டு மாசம் வீட்ட இருந்திருக்கலாமே" என்று ஒருவர் மட்டும் அன்பாகச் சொன்னாராம்.

"சேர், வருத்தம் வந்தது குற்றமில்லை எண்டாங்க. சுகமாகி வந்ததுதான் குற்றமா?" என்று அவர் என்னைக் கேட்டார்.

இவ்வினாவுக்குச் சட்டத்திலே விடை தேடிய யான் வெட்கமுற்றேன் என்பதே உண்மை. நோயுற்றவன் கந்தோரை விட்டு வெளியே போவதற்கு நம் நாட்டில் விதிகள் உண்டு. தாபன விதிக்கோவையின் 12ஆம் அத்தியாயம் அரசாங்க உத்தியோகத்தருக்கு ஆண்டுக்கு 21 நாள் அமய லீவும் 24 நாள் ஓய்வு லீவும் அளிக்கின்றது. சுகவீனம் நீடித்தால் மேலும் லீவு பெறவும், வைத்திய சபையின் முன் தோன்றவும், இனி இயலாதெனக் கண்டால் ஓய்வு பெற்று வீடு செல்லவும் வழியுண்டு. தனியார் துறையின் நிலையோ இரங்கத்தக்கது. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த லீவு தருகின்றது. அதற்கு மேல், சொந்த அலுவலுக்கும் சுகவீனத்துக்குமாகச் சேர்த்து 7 நாள். மச்சானின் கலியாணத்துக்குப் போவதும் மனம் உடைந்து படுக்கையில் வீழ்வதும் அந்த ஏழு நாளுக்குள்ளேயே முடிந்துவிட வேண்டும்! பதினைந்து வேலையாட்களுக்குக் குறையாது வைத்திருக்கும் முதலாளி, ஒழுக்காற்றுக் காரணமன்றி வேறு காரணத்தால் ஒருவனை நிறுத்துவதாயின், அவனது எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் முன்னனுமதியோ வேண்டும் என்கின்றது 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம். நல்ல சட்டந்தான். ஆனால் கல்முனைக் கடைத்தெருவில் பதினைந்து பேர் வேலை செய்யும் கடைகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மருதமுனைத் தறியில் அமர்ந்திருப்பவனுக்கும், கரைவலை இழுப்பவனுக்கும், நாட்கூலிக்கு வயலில் இறங்குபவனுக்கும் லீவு எனும் சொல்லே இல்லை.

இவை யாவும் வெளியே போகும் வாசலைப் பற்றியன. உள்ளே திரும்பும் வாசலைப் பற்றி நமது சட்டம் பேசுகின்றதா? 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடலாலோ உளத்தாலோ வலுக்குறைந்தவருக்கு, வேலைக்கு ஆட்சேர்க்கும்போது பாரபட்சம் காட்டலாகாது என்று கட்டளையிடுகின்றது. ஆட்சேர்க்கும்போது! சேர்ந்து, பதினேழு ஆண்டுகள் உழைத்து, நோயுற்று, மீண்டு வந்து நிற்பவனைப் பற்றி அவ்விதி வாய் திறக்கவில்லை. வலுவிழந்தோர் உரிமை பற்றிய ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 பெப்ரவரியில் ஏற்றுறுதி செய்தது. அதன் 27ஆம் உறுப்புரை, தொழிலைத் தக்கவைத்தற்கும் தொழிலுக்கு மீளுதற்குமான திட்டங்களை அரசுகள் வளர்த்தல் வேண்டும் என வெளிப்படையாகவே கூறுகின்றது. கடல் கடந்து வாக்குக் கொடுத்தோம். கந்தோர் வாசலில் அதனை மறந்தோம்.

மனநோய் பற்றிய நமது மூலச் சட்டமோ 1873ஆம் ஆண்டினது. பைத்தியக்காரர் கட்டளைச் சட்டமாகப் பிறந்து, பின்னர் பெயர் மாத்திரம் மாறியது. ஒருவனுக்குச் சித்த சுவாதீனம் உண்டோ இல்லையோ எனத் தீர்ப்பதும், இல்லையேல் அவனைத் தடுத்து வைப்பதுமே அதன் பெருங்கவலை. அது எழுதப்பெற்ற நாளில் அங்கொடை வைத்தியசாலைகூடக் கட்டப்பட்டிருக்கவில்லை. அவ்வைத்தியசாலை இன்று தேசிய மனநல நிறுவகம். நம் ஊர்ச் சண்டைகளிலோ அதன் பழைய பெயர் இன்னும் வசைச்சொல். கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலேயே மனநலப் பிரிவு இயங்குகின்ற இக்காலத்திலும், அங்கு போவோர் முகத்தை மறைத்துக்கொண்டு போவதற்கு இவ்வசைச்சொல்லும் ஒரு காரணம்.

ஆயினும், நம் மக்கள் இரக்கமற்றவர்கள் என்று யான் சொல்ல வரவில்லை. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் கடல் நம்மீது வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மாத்திரம் மாண்டோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். தம் பிள்ளைகளைப் புதைத்த ஆசிரியர்கள் பிறர் பிள்ளைகளின் இடாப்பைக் கையிலெடுத்து மீண்டும் வகுப்பில் நின்றார்கள். பெயர் கூப்பிடும்போது குரல் அடைத்து, கண்ணீரோடு வெளியே வந்தவரை எவரும் ஏளனஞ் செய்யவில்லை. அடுத்த வகுப்பு ஆசிரியர் வந்து பாடத்தைத் தொடர்ந்தார். அத்தகைய இரக்கம் அந்த எழுதுவினைஞருக்கு ஏன் கிட்டவில்லை? அவருடைய துயரத்துக்குக் காரணம் கண்ணுக்குத் தெரியவில்லை. தெரியாத காரணத்துக்கு நாம் பெயர் சூட்டிவிடுகின்றோம்: சோம்பல் என்கின்றோம், நடிப்பு என்கின்றோம், செய்வினை என்கின்றோம், ஈமான் குறைவு என்கின்றோம்.

ஈமானைப் பற்றிப் பேசுவோர்க்கு ஒன்று சொல்வேன். கி.பி. 934இல் காலமான அபூ ஸைத் அல்-பல்கி எனும் இஸ்லாமியப் பேரறிஞர், உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒருங்கே ஆராய்ந்து மஸாலிஹுல் அப்தான் வல் அன்புஸ் எனும் நூலை இயற்றினார். காரணம் வெளிப்படையான துயரம் ஒன்று, காரணம் அறியப்படாத துயரம் மற்றொன்று என அவர் அதிலே பிரித்துக் காட்டினார். பின்னையதை அவர் பாவம் என்றாரில்லை. மருந்துக்குரிய நோய் என்றே கொண்டார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் பல்க் நகரில் விளங்கிய உண்மை, இன்று நம் தேநீர் மேசைகளுக்கு விளங்கவில்லை.

இனி, திரும்பி வருபவனை எவ்வாறு ஏற்பது? கமக்காரரான வாசகர்கள் இதனை எனக்குச் சொல்லித்தர வல்லவர்கள். காய்ச்சலிற் கிடந்து எழும்பியவனை மறுநாளே மூடை சுமக்க அனுப்பும் போடியாரை யான் கண்டதில்லை. முதலிற் பரணிலே காவல் இருக்கச் சொல்வார். பிறகு களவெட்டியிற் சாக்குப் பிடிக்கச் சொல்வார். உடம்பு பிடித்த பின்னரே வரம்பு கட்டவும் மூடை தூக்கவும் அழைப்பார். இதற்கு எவரும் சட்டம் எழுதவில்லை. வட்டையின் வழக்கம் அது. கந்தோரில் மாத்திரம் ஒருவன் முழு நோயாளியாக வீட்டில் இருக்க வேண்டும், அல்லது முழுச் சுகவாளியாக எட்டரை மணிக்குக் கையொப்பமிட வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே ஒரு படி இல்லை. கால் முறிந்தவனுக்கு இலகுவான வேலை கொடுக்கும்படி டாக்டர் எழுதினால் மேலதிகாரி பெரும்பாலும் இணங்கிவிடுகின்றார். கட்டுப் போட்ட கால் கண்ணெதிரே தெரிகின்றதல்லவா?

நம்மவர் பலர் குடியேறி வாழும் நாடுகளில் இந்த இடைப்படி விதியாகவே இருக்கின்றது. செர்மனியில் ஓராண்டுக்குள் ஆறு வாரத்துக்கு மேல் நோயால் வராதவரை முதலாளி அழைத்து, எவ்வாறு மீள்வது என அவரோடு கலந்து பேச முன்வர வேண்டும். வைத்தியரின் திட்டப்படி நாளுக்குச் சில மணி நேரம் எனத் தொடங்கி, வாரத்துக்கு வாரம் கூட்டி, முழு வேலைக்கு அவர் வந்து சேரலாம். அதுவரை நோயாளிக்குரிய கொடுப்பனவு நிற்பதில்லை. பிரித்தானியாவில் 2010ஆம் ஆண்டு வைத்தியச் சான்றிதழையே மாற்றியமைத்தார்கள். "வேலைக்கு இயலாதவர்" என்பதோடு, இன்ன மாற்றங்களுடன் இயலக்கூடும் என்று எழுதவும் அதில் இடம் வைத்தார்கள்: படிப்படியாகத் திரும்புதல், நேரத்தை மாற்றுதல், கடமையை மாற்றுதல், வேலைத்தலத்தைத் திருத்துதல். லண்டனிலே கணக்காளராயிருக்கும் தம்பிக்கு உள்ள இவ்வழி, நிந்தவூரிலே கணக்கெழுதும் அண்ணனுக்கு இல்லை.

மேல்நாட்டு நாகரிகம் நமக்கெதற்கு என்று எவரேனும் முணுமுணுத்தால், கெய்ரோ நகரைப் பார்க்கச் சொல்வேன். 1284இல் சுல்தான் கலாவூன் அங்கு எழுப்பிய மன்சூரி மருத்துவமனையில், சுகமாகி வெளியேறுவோர் உடனே உழைக்க ஓட வேண்டாதபடி கையிற் பணம் கொடுத்து அனுப்பினர் என வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கின்றனர். சுகமாதல் வேறு, உழைக்கும் வலுப் பெறுதல் வேறு என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

மனம் ஒருமுறை தளர்ந்தவனிடம் பொறுப்பை ஒப்படைக்கலாமா என்பதே கந்தோர்களில் வெளியே சொல்லாது உள்ளே வைத்திருக்கும் கேள்வி. இதற்கு நோர்வே நாட்டில் விடை இருக்கின்றது. அந்நாட்டுப் பிரதமர் ஷெல் மாக்னே பொண்டெவிக் 1998ஆம் ஆண்டு ஆகஸ்ட் முடிவில், தமக்கு மனச்சோர்வு நேர்ந்துள்ளது என்று நாடறியக் கூறிச் சுகவீன லீவிற் சென்றார். மூன்று வாரங்களுக்கு மேலாக ஓய்ந்திருந்து, மீண்டும் பிரதமர் கதிரையில் அமர்ந்தார். அவருடைய மேசையைப் பழைய கோப்பறைக்கு எவரும் தள்ளவில்லை. 2001இல் அவரே மறுபடியும் பிரதமரானார். 2005 வரை ஆண்டார். 2002 பெப்ரவரி 22ஆம் நாள் கைச்சாத்தான இலங்கைப் போர்நிறுத்த உடன்பாட்டை நோர்வே முன்னின்று ஒழுங்கு செய்தபோது அந்நாட்டின் தலைமையில் இருந்தவர் அவரே. அவ்வுடன்பாட்டைப் புகழ்வாரும் உளர், இகழ்வாரும் உளர். தமிழ் பேசும் மக்களின் போரையும் சமாதானத்தையும் தொட்ட ஒரு முயற்சி, மனச்சோர்விலிருந்து மீண்ட ஒருவருடைய ஆட்சியில் நடந்தது. ஆனால் அப்படி மீண்ட எழுதுவினைஞரிடம் முத்திரைக் கணக்கைக் கொடுக்க நமது கந்தோர் அஞ்சுகின்றது!

எதிர்வாதத்தையும் கேட்பதே நீதி. அந்தத் தலைமை அதிகாரியோடு யான் பேசினேன். அவர் கொடியவர் அல்லர். "கணக்கிலே பிழை வந்தால் விசாரணை எனக்கு வரும். அவருடைய வேலையை இரண்டு மாதம் சுமந்த மற்றவர்களும் களைத்துப் போனார்கள்" என்றார். இரண்டும் மெய். லீவெடுத்துக் கொண்டு வேறிடத்தில் வியாபாரம் பார்ப்போரும் உளர் என்பதை யானும் அறிவேன். ஆயின் விதி இல்லாமையே இந்த அச்சங்களை வளர்க்கின்றது. முதல் மாதம் அரை நாள், கணக்குக் கோப்புகளில் இரண்டாவது கையொப்பம், மூன்று மாத முடிவில் வைத்தியரின் மறுபரிசோதனை என்று எழுத்தில் இருந்தால் அதிகாரிக்கும் காப்பு, ஊழியனுக்கும் காப்பு. மனச்சோர்வாலும் பதகளிப்பாலும் உலகில் ஆண்டுதோறும் 1,200 கோடி வேலை நாட்கள் இழக்கப்படுவதாக உலகச் சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழில் நிறுவனமும் 2022இல் மதிப்பிட்டன. கோப்பறையிற் சும்மா இருத்திச் சம்பளம் கொடுக்கும் நாட்கள் அக்கணக்கிற் சேர்ந்தனவோ என்னவோ.

நம் அரசியலாளரையும் ஒன்று கேட்க வேண்டும். யானும் அக்கூட்டத்தினன் ஆகையால் என்னையும் சேர்த்தே கேட்கின்றேன். உத்தியோகத்தில் நமக்கு எத்தனை வீதம் என்று மேடைதோறும் முழங்கினோம். கல்முனையிலே எந்தப் பிரதேச செயலகம் எவருக்கு என்று தமிழரும் முஸ்லிம்களும் ஆண்டுக்கணக்கில் வழக்காடுகின்றோம். அச்செயலகங்களுக்குள் மனம் உடைந்த உத்தியோகத்தர் தமிழராயினும் முஸ்லிமாயினும், மீண்டு வருவதற்கு வழி கேட்டு எந்தக் கட்சியாவது ஒரு தீர்மானம் நிறைவேற்றியதுண்டா?

கேட்பது பெரிதன்று. படிப்படியாகக் கடமைக்குத் திரும்பும் உரிமையைத் தாபன விதிக்கோவையில் ஒரு பிரிவாகச் சேர்க்கப் பாராளுமன்றத்திற் சட்டம் இயற்ற வேண்டியதில்லை; நிருவாகச் சுற்றறிக்கை போதும். சான்றிதழில் நோயின் பெயருக்குப் பதிலாக, இன்ன வேலை இயலும், இன்ன வேலை இப்போது இயலாது என்று வைத்தியர் எழுதட்டும். அதுவும் மூடிய உறையில் தலைமை அதிகாரி ஒருவர் கைக்கே போகட்டும். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏழு நாட்களைத் திருத்தவும், 1996ஆம் ஆண்டுச் சட்டத்தில் "ஆட்சேர்க்கும்போது" என்பதோடு "மீளச் சேர்க்கும்போது" என்பதையும் புகுத்தவும் பாராளுமன்றம் வேண்டும். நமது கரையோரப் பிரதிநிதிகள் தனிநபர் பிரேரணையாகவேனும் இதனைக் கொண்டுவரலாம். தறிக்காரரும் வலைகாரரும் கூலிக்காரரும் இவற்றுள் அடங்கார்; அவர்களுக்குச் சங்கங்கள் வழியாகவே ஏதும் செய்ய முடியும், அதனைத் தனியே எழுத வேண்டும்.

அந்த அன்பரின் செய்தியைச் சொல்லவில்லையே. மூன்று முறை பேசிய பின் தலைமை அதிகாரி இணங்கினார். இப்பொழுது அவர் காலையில் மாத்திரம் தம் பழைய மேசையில் இருக்கின்றார். காணிக் கோப்புகள் அவர் கைக்கு வந்துவிட்டன. பணக் கோப்புகள் இன்னும் வரவில்லை. இவ்வேற்பாடு வாய்மொழியானது. எழுத்திலே தரும்படி கேட்டோம். எழுதுவதற்கு விதி இல்லை என்றார் அதிகாரி. அவருக்கு வரும் சனவரியில் இடமாற்றம்.