புல் பார் காப்பாற்றும் என்ற நம்பிக்கை

கார் முகப்பில் பூட்டப்படும் இரும்புக் குழாய்ச் சட்டமான புல் பார், குவாலிஸ், ஸ்கார்ப்பியோ போன்ற வண்டிகள் பரவிய ஆண்டுகளில் இந்தியச் சாலைகளில் மிடுக்கின் அடையாளமாயிற்று. சின்னஞ்சிறு கார்களிலும் அது ஏறியது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு அனுப்பிய கடிதம் அதற்குத் தடை போட்டது. ஆயினும், ‘உயிர்காக்கும் பொருளை அரசு வீணாகப் பிடுங்கிவிட்டது’ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணங்களில் ஒன்றே ஒன்றுதான் ஓரளவு உண்மை.

‘இப்போது வருகிற வண்டியெல்லாம் வெறும் தகடு, தொட்டாலே நசுங்கும், முன்னால் இரும்பு இருந்தால்தான் பாதுகாப்பு’ என்பது முதன்மையான வாதம். முகப்பு நசுங்குவது குறைபாடன்று; அப்படி நசுங்கும்படிதான் அது வடிவமைக்கப்படுகிறது. மெர்சிடிஸ் பென்ஸ் பொறியாளர் பேலா பாரெனி 1950களில் வகுத்த இந்த முறை, 1959இல் அந்நிறுவனத்தின் கார்களில் நடைமுறைக்கு வந்தது. மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதும் கார், தன் முகப்பு 60 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், உள்ளிருப்பவர் உடல் தாங்கவேண்டிய வேகத்தளர்ச்சி சராசரியாகப் புவியீர்ப்பின் 20 மடங்கு. நசுங்கும் தூரம் பாதியானால் அது 40 மடங்காகும். சேசிஸின் முன்முனையில் நேராகப் பூட்டிய குழாய், நசுங்கவேண்டிய பகுதியைத் தாண்டி விசையை உள்ளே கடத்துகிறது. அடிபட்ட வண்டி பார்வைக்கு நன்றாக இருக்கும். உள்ளே இருந்தவரின் நெஞ்செலும்பு முறிந்திருக்கும். வண்டியின் அழிவைக் கொண்டு மனிதரின் ஆபத்தை அளப்பதே இந்த வாதத்தின் அடிப்படைப் பிழை.

‘ஏர்பேக் இருக்கிறதே, பார் இருந்தால் என்ன?’ என்பாரும் உண்டு. பார் சென்சாரை மறைத்துவிடும் என்று இதற்கு வழக்கமாகத் தரப்படும் பதிலும் சரியன்று. சென்சார் எதையும் பார்ப்பதில்லை; வண்டியின் வேகம் எவ்வளவு சடுதியில் குறைகிறது என்பதையே அளக்கிறது. ஏர்பேக் எப்போது விரியவேண்டும் என்பது, நிறுவனம் மோதிச் சோதித்த முகப்புக்கு ஏற்ப மில்லிநொடிக் கணக்கில் நிர்ணயிக்கப்பட்டது. பார் அந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறது. ஏர்பேக் பிந்தலாம், தேவையில்லாமல் முந்தலாம்.

அடுத்தது மாடு குறுக்கே வரும் சாலைகள் பற்றியது. புல் பார் செல்வாக்குப் பெற்றது ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு நெடுஞ்சாலைகளில். இரவில் பாயும் கங்காருவிடமிருந்து ரேடியேட்டரைக் காக்க. அடுத்த ஊர் நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் நாட்டில் அது நியாயமான தேவை. ஆனால் தாழ்வான காரில் பூட்டிய பார், உயரமான மாட்டின் கால்களில்தான் மோதும். அதன் உடல் பானெட்டின் மேல் சரிந்து முன்கண்ணாடிக்கு வரும். அங்கே பார் எதையும் தடுக்காது.

பார்க்கிங்கில் விழும் கீறலிலிருந்து பம்பரைப் பார் காக்கிறது என்பது மட்டும் மெய். அடி சற்றுப் பலமானால், பம்பரோடு போகவேண்டிய சேதம் சேசிஸ் வரை சென்று செலவைப் பெருக்கும்.

‘என் வண்டி, என் விருப்பம்’ என்ற வாதம்தான் மிகக் கொடியது. இந்தியாவில் 2022இல் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் பாதசாரி. பானெட்டும் பம்பரும் மனித உடல் பட்டால் ஓரளவு நெகிழ்பவை. இரும்புக் குழாயோ முழு விசையையும் கையகல இடத்தில் இறக்குகிறது. பெரியவருக்கு இடுப்பிலும் தொடையிலும், குழந்தைக்குத் தலையிலும் மார்பிலும். ஐரோப்பிய ஒன்றியம் 2005ஆம் ஆண்டு உத்தரவில், பாதசாரி மோதல் சோதனையில் தேறாத பார்களுக்கு வழியடைத்தது. இந்தியாவிலும் புதிய கார் மாடல்களுக்கு 2018 முதல் இத்தகைய சோதனை கட்டாயம். அதில் தேறிய முகப்பின்மேல் கடைக் குழாயைப் பூட்டிவிட்டால், சாலையைக் கடப்பவர்மேல் மோதுவது அந்த முகப்பு அன்று.